போலீஸ்காரர் மீது வழக்குப் போட முடியாதா? வாசகர் கேள்வி பதில்

மலேசியாவில் கைது, தடுப்புக்காவல், போலீஸ்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆட்களையும் பாலாய்களையும் (போலீஸ் நிலையங்களையும்) அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகனுக்கு 21 வயது. சாலைத் தடுப்பில் பிடித்து இரண்டு நாள் லாக்கப்பில் வைத்திருந்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் முந்தாநாள் விட்டுவிட்டார்கள். உள்ளே கன்னத்தில் அறைந்தார்களாம். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்கிறான். "போலீஸ் மேல கேஸ் போட முடியாது, சட்டமே அவங்க பக்கம்தான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, வழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் காதைக் கவனியுங்கள். இந்தப் பதிலைப் படித்த கையோடு மகனை அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அறை விழுந்த வேகத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். சிறிய கிழிசலாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு அது நல்லதுதான், ஆனால் அதோடு சாட்சியும் மறைந்துவிடும். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, எந்தக் காது, எவ்வளவு கிழிசல் என்று டாக்டர் இப்போதே எழுதியாக வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

மருத்துவமனையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பயத்தில் "மோட்டார்ல விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அரசாங்கத் தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எந்தக் கையால் எத்தனை அறை என்று நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

உடம்பில் கன்றிய இடங்கள் இருந்தால் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தையோ அடிக்கோலையோ வைத்தால்தான் காயத்தின் அளவு தெரியும். முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி ஒரு படமாவது வேண்டும், இல்லாவிட்டால் "இது யாருடைய முதுகு?" என்று கேட்பார்கள். கன்றல் நாளுக்கு நாள் நிறம் மாறும் என்பதால் அடுத்த நான்கைந்து நாளும் எடுங்கள். உள்ளங்காலில் அடி வாங்கியவருக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். அடித்ததாகச் சொல்லப்படும் அதே பாலாய்க்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, வேறு எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம். நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். புகார் கொடுத்து நான்கு வாரம் ஆன பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவில் இருக்கிறது. வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தும். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரிடம் முறையிடலாம். இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாமலேயே எத்தனையோ புகார்கள் தூங்கிக் கிடக்கின்றன.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்களே, நடுவில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அரசியலமைப்புச் சட்டம் 5ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. உத்தரவே இல்லை என்றால், அறைந்தது தனி, அதிகப்படியாக வைத்திருந்தது தனி, இரண்டும் இரண்டு குற்றச்சாட்டு. நிறுத்தியிருந்தால், மாஜிஸ்திரேட்டிடம் மகன் ஏதாவது சொன்னானா என்று கேளுங்கள். ரிமாண்டு விசாரணையில் கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ பேசலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நேரத்தில் "துவான், என்னை அடிச்சாங்க" என்று சொல்லிச் சட்டையைத் தூக்கிக் காட்டினால் அது பதிவாகும், அதற்கு நிகரான சாட்சி கிடைப்பது அரிது. அங்கே வழக்கறிஞர் இல்லாதவருக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார்.

உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வது சரியில்லை. வழக்குப் போடலாம். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ்காரர்களுக்குச் சட்டக் காப்பு உண்டு, இந்தியாவில் அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நகராது என்று படித்தேன். மலேசியாவில் இப்படி ஏதாவது உண்டா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்த இரண்டும் இங்கே இல்லை. அமெரிக்காவில், உரிமையை மீறியது முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்ட ஒன்று என்று காட்ட முடியாவிட்டால், அதிகாரி மீதான இழப்பீட்டு வழக்கு தொடக்கத்திலேயே விழுந்துவிடும். இது நீதிபதிகள் தீர்ப்புகளால் வளர்த்த கோட்பாடு. இந்தியாவில் பணிக்கடமையைச் செய்யும்போது நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு சொன்னது. 2024இல் வந்த புதிய சட்டத்தில் அது 218ஆம் பிரிவு.

நம் நாட்டில் பாதுகாப்பு ஒரே இடத்தில் இல்லை, பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வாரண்டின்படி நடந்த அதிகாரியை அந்த வாரண்டில் உள்ள குறைக்காகப் பொறுப்பாக்க முடியாது என்கிறது. தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, விவரம் தவறாகத் தெரிந்தாலும் நல்லெண்ணத்தோடு, சட்டப்படி சரி என்று நம்பிச் செய்தவரைக் காக்கிறது. "நல்லெண்ணம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யலாம் என்று நினைக்கக்கூடாது. போதிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தோடு செய்தது ஆகாது என்று 52ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் 330ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 331ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை. இந்தச் செயலை எந்த நல்லெண்ணமும் மூடி மறைக்காது.

குற்றவழக்கில் யாரைக் குற்றஞ்சாட்டுவது என்பதைச் சட்டத்துறைத் தலைவர் முடிவு செய்கிறார், அரசியலமைப்பின் 145(3) விதி தரும் அதிகாரம் அது. முன் அனுமதி என்ற பெயர் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் தட்டக்கூடிய கதவு அந்த ஒன்றுதான். சிவில் வழக்கில் அந்தத் தடை இல்லை. அங்கே குடும்பங்கள் தடுக்கி விழுவது நாள்கணக்கிலும் பெயரிலும்தான்.

பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்குச் சட்டத்தின்படி, ஓர் அதிகாரி செய்த தவறுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டுமானால், முதலில் அந்த அதிகாரி பொறுப்பாளி என்று நிற்க வேண்டும். கூட்டரசு நீதிமன்றம் 2009இல் லே கீ டீ வழக்கில் இதை இறுக்கிப் பிடித்தது. தவறு செய்த அதிகாரியைப் பிரதிவாதியாகச் சேர்க்காமல் அரசாங்கத்தை மட்டும் இழுத்தால் வழக்கு நிற்காது. கண்ணைக் கட்டி அடித்தார்கள், யார் என்று தெரியாது என்றால் எப்படிச் சேர்ப்பது? அதனால்தான் சட்டையிலுள்ள பெயர்ப்பட்டை, நொம்போர் பாடான் என்னும் பணி எண், கைது செய்த அதிகாரியின் பெயர், புகாரிலுள்ள விசாரணை அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்கிறோம். சாதாரண உடையில் வந்தவரிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் என்றால் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், போலீஸ் ரிசர்வ் படையினருக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர்.

கேள்வி: என் அண்ணன் போலீஸ் துரத்தலின்போது அடிபட்டுக் கால் ஊனமாகிவிட்டார். நடந்து 2 ஆண்டு 8 மாதம் ஆகிறது. புகார் கொடுத்தோம், "விசாரணை நடக்கிறது" என்கிறார்கள். அது முடிந்த பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருக்கிறோம். சரிதானே?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: தம்பி, காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் நான்கே மாதம்தான் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, பணியிலிருந்த அதிகாரி செய்த செயலுக்காக வழக்குத் தொடுப்பதற்குச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 36 மாதம்தான் கெடு. சாதாரணமாக இன்னொருவர் உங்களைக் காயப்படுத்தினால் தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம். அதிகாரி என்றதும் கெடு பாதியாகிவிடுகிறது. போலீஸ்காரருக்கு நம் சட்டம் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து. சத்தமில்லாமல் வேலை செய்யும் பாதுகாப்பு. 37ஆம் மாதம் வந்து நிற்பவரிடம், உங்கள் கால் உண்மையிலேயே உடைந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

போலீஸ் விசாரணை முடியாதது இந்தக் கெடுவை நிறுத்தாது. நீங்கள் அனுப்பும் வழக்கறிஞர் நோட்டீசும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குக் கொடுக்கும் மனுவும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதமும் நிறுத்தாது. வழக்கைத் தொடங்கும் ரிட் மனு நீதிமன்றத்தில் பதிவாகும் நாள்தான் கணக்கு. பதிவு செய்துவிட்டால் பிரதிவாதிகளிடம் சேர்ப்பிக்க 6 மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் மருத்துவ அறிக்கையும் மற்ற ஆவணங்களும் வந்து சேரும்.

அண்ணனின் மருத்துவமனைப் பதிவு எண்ணோடு பதிவேட்டுப் பிரிவில் முழு மருத்துவ அறிக்கைக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், அது வருவதற்கே வாரக்கணக்காகும். போலீஸ் புகார் நகல், சம்பளச் சீட்டு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) காகிதம், சிகிச்சை ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நாள்வாரியாக அடுக்கி வழக்கறிஞரிடம் போங்கள். "ஜெயித்தால் பாதி உங்களுக்கு" என்று பேரம் பேசும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள், அப்படிக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இழப்பீடு 10 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்டது என்றால் செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

கேள்வி: சாலைத் தடுப்பில் போலீஸ்காரரைக் கைப்பேசியில் படம் பிடிக்கலாமா?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: படம் எடுப்பதே குற்றம் என்று சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் வேலையைத் தடுத்தால் தண்டனைச் சட்டம் 186ஆம் பிரிவு வரும், 2 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம். ஆகவே நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள், வாதாடாதீர்கள், முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். எடுத்ததை உடனே குடும்பத்தார் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், கைப்பேசி பறிபோனாலும் படம் இருக்கும். ஃபேஸ்புக்கில் போடும் அவசரம் வேண்டாம், வழக்கறிஞர் முதலில் பார்க்கட்டும்.

கேள்வி: லாக்கப்பில் ஒருவர் இறந்துவிட்டால் மரண விசாரணை தானாக நடக்குமா? குடும்பம் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, பத்து கேவ்ஸ்

பதில்: குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334ஆம் பிரிவின்படி, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தகவல் போக வேண்டும், மரண விசாரணையும் நடந்தாக வேண்டும். சிறையில் இறந்தால் "நடத்தலாம்", போலீஸ் காவலில் இறந்தால் "நடத்த வேண்டும்". சட்டமே வேறுபடுத்திச் சொல்கிறது. 2014 முதல் செஷன்ஸ் நீதிபதிகள் மரண விசாரணை நீதிபதிகளாக அமர்கிறார்கள். எப்போது, எங்கே, எப்படி இறந்தார், அதற்கு யாராவது குற்றப் பொறுப்பாளியா என்பதை மட்டும் அவர்கள் ஆராய்வார்கள். தண்டனை கொடுப்பது அவர்கள் வேலை இல்லை.

சட்டம் இப்படி இருந்தாலும், குடும்பத்தின் கையில் இருப்பது முதல் இரண்டு நாள்தான். நம் மக்களிடம் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது: உடலை வாங்கியதும் தகனம் செய்துவிடாதீர்கள். முதல் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் சந்தேகம் இருந்தால் வேறு மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை கேட்கலாம். எரித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சடங்கு தள்ளிப் போகிறதே என்று பெரியவர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தம் புரிகிறது, ஆனாலும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். குகன் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா பகுதியில் ஒரு பாலாயில் 22 வயது இளைஞர் இறந்தார். முதல் அறிக்கை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனைதான், தசைகள் நசுங்கிச் சிறுநீரகம் செயலிழந்ததை வெளிக்கொண்டு வந்தது. உயர் நீதிமன்றம் 2013 ஜூனில் தாயாருக்கு 801,700 ரிங்கிட் வழங்க உத்தரவிட்டது. குற்றவழக்கில் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள்.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இது நம்மை உண்மையிலேயே வருத்துகிறது. உயிரோடிருப்பவர் வழக்குப் போட்டால், அதிகாரிகளின் அடாவடிக்குத் தண்டனையாக விதிக்கும் கூடுதல் இழப்பீட்டைக் கேட்கலாம். இறந்தவரின் சொத்துரிமையாளர்கள் வழக்குப் போட்டால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8ஆம் பிரிவு அந்தக் கூடுதல் இழப்பீட்டை விலக்குகிறது. துயர இழப்பீடு என்ற நிலையான தொகை 2019இல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆக உயர்ந்தது, அவ்வளவுதான். அடித்துக் காயப்படுத்தியதைவிட அடித்துக் கொன்றது மலிவாகிவிடுகிறது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

கேள்வி: என் கணவர் போலீஸ் கார்ப்பரல். இருபது வருஷமாக நேர்மையாக வேலை செய்கிறார். எல்லாரும் போலீஸைத் தண்டிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பாராங் கத்தியோடு வருகிறவன் முன்னால் நிற்கிறவருக்கு என்ன பாதுகாப்பு?
வாசகி, பாயான் பாரு

பதில்: அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. பாராங்கோடு பாய்கிறவன் முன் நிற்கும் போலீஸ்காரருக்கும் தற்காப்பு உரிமை உண்டு. சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். கைதை எதிர்ப்பவரிடம் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனைக்கோ நீண்டகாலச் சிறைக்கோ உரிய பெருங்குற்றம் சாட்டப்படாத ஒருவரைப் பிடிப்பதற்காக மட்டும் கொல்ல குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15(3) பிரிவு இடம் கொடுக்கவில்லை. ஓடுகிறவன் வேறு, பாய்கிறவன் வேறு. வேலை நீக்கத்துக்கு முன் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 135(2) விதி. பணியில் செய்ததற்காக வழக்கு வந்தால் அரசாங்கமும் கூடவே பிரதிவாதியாக நிற்கும்.

உங்கள் கணவரை உண்மையில் காப்பாற்றப் போவது பதிவுகள்தான். கைது செய்த நேரம், விலங்கு போட்ட நேரம், லாக்கப்பில் ஒப்படைத்த நேரம், அப்போது உடம்பில் இருந்த காயம் எல்லாம் பாலாய் நாட்குறிப்பில் அன்றே ஏறட்டும். பிடிபடும்போது அடிபட்ட ஆளை லாக்கப்புக்குள் விடுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காயத்தோடு உள்ளே போனவரும் உள்ளே போய்க் காயப்பட்டவரும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அந்த வேறுபாட்டைச் சொல்ல டாக்டரின் சீட்டைத் தவிர வேறில்லை. மேலதிகாரி சொன்னார் என்பது சட்டவிரோதமான உத்தரவுக்குக் கவசம் ஆகாது. கீழே இருக்கும் கான்ஸ்டபிளும் கார்ப்பரலும் மட்டும் கூண்டில் ஏறுவதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம்.

கேள்வி: ஐபிசிசி என்று போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் ஒன்று வந்திருக்கிறதே, அதனால் என்ன பயன்? முன்பு கேட்ட ஐபிசிஎம்சி என்ன ஆயிற்று?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: முன்னாள் தலைமை நீதிபதி முகமது ட்சாய்டின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றில் முக்கியமானது ஐபிசிஎம்சி, அதாவது புகாரை விசாரித்து, தவறு செய்த போலீஸ்காரர் மீது தானே நடவடிக்கையும் எடுக்கக்கூடிய சுயேச்சை ஆணையம். 2019இல் அதற்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. அதற்குப் பதிலாக வந்த ஐபிசிசி சட்டம் 2022இல் நிறைவேறி 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஐபிசிசி புகார் வாங்கும், விசாரிக்கும், சாட்சிகளை அழைக்கும். போலீஸ் காவலில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்தால் போலீஸ் படை அதற்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தன் முடிவைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். அந்த ஆணையத்துக்குத் தலைவர், அரசியலமைப்பின் 140ஆம் விதிப்படி, போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர். போலீஸ் படைத் தலைவரான ஐஜிபியும் அதில் உறுப்பினர். லாக்கப்பைப் பார்வையிடப் போனால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஐஜிபியின் நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்ட செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. கைதும் தடுப்புக்காவலும் அன்றாடம் நடப்பதே அந்த உத்தரவுகளின்படிதான்.

தனி ஆணையம் வந்தால் போலீஸ்காரர்கள் கைகட்டி நிற்பார்கள், குற்றவாளிகள் பொய்ப் புகாரைக் குவிப்பார்கள் என்று போலீஸ் தரப்பு சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது, பொய்ப் புகார்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் அதற்குத் தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவு இருக்கிறது, பொய்த் தகவல் கொடுத்தவரைத் தண்டிக்கலாம். சொல்லிவிட்டுப் போகும் சோதனை சோதனை ஆகாது. பரிந்துரை மட்டும் செய்யும் ஆணையத்தைக் கண்டு தவறு செய்கிறவர் அஞ்சமாட்டார். நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் முன்னறிவிப்பில்லாமல் லாக்கப்புக்குள் நுழையும் அதிகாரமும் ஐபிசிசிக்கு வேண்டும்.

அதுவரை புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஐபிசிசிக்கும், போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் உள்ள நேர்மை, தர இணக்கத் துறையான ஜிப்ஸுக்கும், சுஹாகாமுக்கும் ஒரே விவரத்தோடு தனித்தனியாக எழுதுங்கள். நாளும் நேரமும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் திங்கள், இன்னொன்றில் செவ்வாய் என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: எனக்கு மலாய் சரளமாக வராது. தமிழில் புகார் கொடுக்கலாமா?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வாயால் சொல்லலாம் அம்மா, அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஆம் பிரிவு சொல்கிறது. மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து, நாள், மணி, இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "அடித்தார்கள்" என்று நீங்கள் சொன்னது மலாயில் "தள்ளினார்கள்" என்று மாறியிருந்தால், கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு இன்னொரு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.